செபஸ்தியார் கோயில் மணிக்கயிறு

செபஸ்தியார் கோயில் மணிக்கூண்டின் நடுத்தட்டில் ஒரு ஜன்னல் உண்டு. அங்கே நின்று பார்த்தால் கால்பந்து மைதானத்தின் தெற்குக் கோல் முழுசாகத் தெரியும். வடக்குக் கோல் பாதிதான். மிச்சத்தைப் பூவரசமரம் மறைத்துக்கொள்ளும். அந்த மரத்தை வெட்டச் சொல்லி கோயில்பிள்ளை ஞானதாஸ் மூன்று சாமியார்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டார். இலை உதிர்ந்து குப்பையாகிறது, வேர் சுவரைத் தூக்குகிறது என்று என்னென்னவோ காரணம் சொன்னார். உண்மைக் காரணம் மூன்று சாமியார்களுக்கும் தெரியும். மரம் நின்ற இடத்திலேயே நின்றது.

சாந்தோம் ஹைரோட்டிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒரு சந்தில், குப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது அந்தச் சின்னக் கோயில். பெரிய கோயிலுக்குப் போகிற கனவான்கள் இதை எட்டிப் பார்க்க மாட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார்கள், துரை வீட்டுச் சமையல்காரர்கள், துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள், எல்லாம் சேர்த்து நூற்றுப்பத்துக் குடும்பம் அந்தப் பங்கில். ஞானதாஸ் இருபத்தாறு வருஷமாக அங்கே கோயில்பிள்ளை. விடிகாலைப் பூசைக்கு மணி அடிப்பார், மெழுகுதிரி ஏற்றுவார், சாமியாரின் பூசை உடுப்பை எடுத்து வைப்பார், பூசை முடிந்ததும் திரியின் கருகலை இடுப்பில் செருகியிருக்கும் சின்னக் கத்தியால் நறுக்குவார். காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளைச் செபத்துக்கும் அவர் அடிக்கிற மணிதான் அந்தச் சந்துக்குக் கடிகாரம்.

இது தவிர அவர் அடிக்க வேண்டிய மணி இன்னொன்று. பங்கில் யாருக்காவது உயிர் பிரிகிற நேரம் வந்துவிட்டால் அவஸ்தை மணி அடிக்க வேண்டும். ஐந்து அடி, ஒவ்வோர் அடிக்கும் நடுவில் ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லுகிற நேரம். அதைக் கேட்டால் பெண்கள் உலையை இறக்கி வைத்துவிட்டு முழங்கால் போடுவார்கள். யார் வீட்டில் நோயாளியோ அந்த வீட்டுக்காரர்கள் எங்கே இருந்தாலும் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். போகிறவர் காதில் 'சேசு மரி சூசை' என்று சொல்ல சொந்த ரத்தம் பக்கத்தில் இருக்க வேண்டும், மகன் இருந்தால் மகன்தான் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பங்கின் வழக்கம். இருபத்தாறு வருஷத்தில் ஞானதாஸ் அந்த மணியை ஒருமுறைகூடப் பிந்தி அடித்ததில்லை. காலரா வந்த வருஷம் ஒரே நாளில் நாலு தடவை அடித்த மனுஷன்.

எல்லாம் சரி, அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. அது பங்குப் பையன்களின் கால்பந்து டீமான செபஸ்தியார் கிளப்.

நாற்பத்தாறாம் வருஷ சீசன் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அரிசிக்கு ரேஷன், சர்க்கரைக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு ரேஷன் என்று ஊரே அல்லாடிக்கொண்டிருந்தது. கோயில்பிள்ளைக்குக் கவலை வானத்தைப் பற்றி. செபஸ்தியார் பையன்கள் வெறுங்காலில் ஆடுகிறவர்கள். கணுக்காலில் துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டு இறங்கினால் காய்ந்த தரையில் அவர்களைப் பிடிக்க ஆள் கிடையாது. மழை பெய்தால் தீர்ந்தது. பூட்ஸ் போட்ட டீம்காரர்கள் ஊன்றி நிற்பார்கள், நம் பையன்கள் சறுக்கிச் சறுக்கி விழுவார்கள். ஜூனில் மூன்று ஆட்டம் ஜெயித்தார்கள். ஜூலையில் சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. வரிசையாக நாலு தோல்வி. ஆகஸ்டில் பத்து நாள் வெயில் அடித்தது, இரண்டு ஜெயித்தார்கள். பிறகு மறுபடியும் மழை, மறுபடியும் வரிசையாகத் தோல்வி. அந்தப் பத்து நாள் வெயிலில் மழைக்காக விசேஷ செபம் சொல்லச் சொன்ன ஞாயிற்றுக்கிழமையன்று கோயில்பிள்ளை மட்டும் ஆமென் சொல்லவில்லை என்பதை அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஊரெல்லாம் அரிசி இல்லாம கம்பும் சோளமும் பொங்கித் துன்னுகினு கீது. மழைக்கு ஒரு ஆமென் சொன்னா உன் வாய்ல கீற முத்து உதிந்துடுமா?"

"ஞாயித்துக்கெழம பெய்யட்டும், மேட்ச் அன்னிக்கு வேணாம்னு மனசுக்குள்ள சொன்னேன். அம்மாந்தான்," என்றார் ஞானதாஸ்.

சந்து முனையில் காதரின் டீக்கடை. கடைச் சுவரில் லீக் கணக்கைக் கரித்துண்டால் எழுதி வைப்பது காதரின் வேலை. மழை அடித்தால் சுவர் நனைந்து கணக்கு அழியும், மறுபடி எழுதுவார். செபஸ்தியார் யார், அவர் மேல் ஏன் அம்பு தைத்திருக்கிறது என்பதெல்லாம் காதருக்குத் தெரியாது. ஆனால் அவர் டீம் தன் டீம் என்பதில் சந்தேகம் இல்லை.

"பாத்தியா நைனா," என்றார் காதர், செப்டம்பர் இரண்டாவது வாரத்தில். "கடைசில நம்ம கீறோம். நமக்கு மேல ஓட்டேரி, ஒரே ஒரு பாயிண்ட் ஜாஸ்தி. சனிக்கெழம பல்லாவரத்த நம்ம ஜெயிச்சோம்னா ஓட்டேரிய தாண்டிடுவோம். தோத்தோம், டிரா பண்ணோம், அடுத்த வருசம் மூணாவது டிவிசன். போய் சந்துல சந்துல ஆடவேண்டிதான்."

"ஓட்டேரிக்கு ஒரு மேட்ச் பாக்கி கீதே?"

"கீது, மழைல நின்னு போனது. முதல்ல கீற டீமோட. அவனுங்க எங்க ஜெயிக்கப் போறானுங்க? நீ பல்லாவரத்த பாரு."

"நம்ம கோலி வரணுமே பாய்," என்றார் ஞானதாஸ். அவர் குரல் இறங்கியிருந்தது.

கோலி என்றால் கோல் காக்கிற விக்டர். கோயிலுக்குப் பின்புறச் சந்தில் ஞானதாஸ் வீட்டுக்கு மூன்றாவது வீடு. துறைமுகத்தில் இழுவைப் படகில் கயிறு வேலை. கப்பலை இழுக்கிற வடத்தைக் கையால் தடவிப் பார்த்தே அது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவான். கோல் வலை கிழிந்தால் அவனே உட்கார்ந்து முடிச்சுப் போடுவான். அந்தக் கையில் பந்து பட்டால் ஒட்டிக்கொள்ளும், மழையில்கூட நழுவாது. அத்தனை தோல்வியிலும் செபஸ்தியார் கிளப் மானம் கெடாமல் ஒரு கோல், இரண்டு கோலோடு தப்பித்தது அவனால்தான்.

அவன் அம்மா ஆரோக்கியமேரி மூன்று வாரமாகப் படுக்கை. கால் வீங்கி, நெஞ்சு அடைத்து, தலையணையை அண்டக் கொடுத்து உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். இதயம் பலவீனம், ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை முதல் பூசை முடிந்து வெளியே வருகிறவர்களுக்கு ஆப்பம் சுட்டு விற்றவள் அவள். யுத்தத்தில் ரங்கூன் அரிசி நின்றபோதுகூட நொய்யில் மாவாட்டி எப்படியோ சுட்டாள். ஓரம் மொறுமொறுப்பாக இரண்டு ஆப்பம், தேங்காய்ப்பால் தனியாக, கோயில்பிள்ளைக்கென்று இலை மூடி வைத்திருப்பாள். "பந்தாட்டம் பாத்து பாத்து ஒடம்பு எளச்சிப் போவுது தம்பி, துன்னு," என்பாள். இப்போது அந்தச் சட்டி கவிழ்ந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஞானதாஸ் அந்த வீட்டுக்குப் போனார். நோயாளியைப் பார்க்கத்தான் போனார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். விக்டரின் தங்கை அல்போன்சா விசிறிக்கொண்டிருந்தாள். விக்டர் அம்மாவின் காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"எப்டி கீது அக்காவுக்கு?"

"கஞ்சி ரெண்டு வாய் குடிச்சிச்சி மாமா. அம்மாந்தான்," என்றாள் அல்போன்சா.

ஞானதாஸ் தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கு..." என்று தொடங்கினார்.

"வரல மாமா," என்றான் விக்டர், தலை தூக்காமல். "கேப்டன் கிட்டயும் சொல்லிட்டேன். அம்மா இப்டி கீறப்போ பந்து புடிக்க எனக்கு மனசு வரல."

"நீ இல்லேன்னா அந்த ரிசர்வ் கோலிதான்டா. மாங்கா புடிக்கவே தெரியாது அவனுக்கு."

"தெரியும் மாமா. இன்னா பண்றது?"

அங்கே எழுந்து வந்திருக்கலாம். ஞானதாஸ் வரவில்லை. பிற்பாடு எத்தனையோ தடவை அந்த இடத்தை நினைத்து நினைத்துப் பார்த்து வெந்திருக்கிறார். அன்றைக்கு அவர் கண்ணில் பல்லாவரத்துப் பூட்ஸ்காரர்கள்தான் இருந்தார்கள்.

"மைதானம் எங்க கீது? மணிக்கூண்டுக்கு அந்தாண்ட. வீடு இந்தாண்ட. ஓடுனா மூணு நிமிசம். நான் கூண்டுலயே நிக்கறேன். அக்காவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அல்போன்சா வந்து ஒரு வார்த்த சொல்லட்டும். அடுத்த நிமிசம் மணி. நீ பந்த போட்டுட்டு ஓடியா. யார் கேக்கப் போறா?"

விக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தான். படுத்திருந்தவள் கண்ணைத் திறந்தாள்.

"போய்ட்டு வாடா," என்றாள் ஆரோக்கியமேரி, மூச்சுக்கு நடுவில். "தம்பி மணி அடிச்சிடும். இத்தினி வருசமா அடிக்குது. எனக்கும் காது நல்லா கேக்குது. மணி கேட்டா நீ வந்துகினு கீறேன்னு நெனச்சிக்கறேன்."

"சத்தியமா அடிப்பியா மாமா?"

"செபஸ்தியார் மேல சத்தியம்டா," என்றார் ஞானதாஸ்.

சனிக்கிழமை காலையிலிருந்து வானம் கோபத்தோடு இருந்தது. மத்தியான மணி அடித்தபோது கிழக்கே கடல்மேல் கறுத்து நின்றது. மூன்று மணிக்கு நாலு தூறல் போட்டது. ஞானதாஸ் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஃப்ளோரன்ஸ் தட்டோடு எடுத்து மூடினாள். ஆனால் மேகம் தெற்கே ஒதுங்கி அடையாற்றுப் பக்கம் போய்விட்டது. நாலரை மணிக்கு விசில் ஊதியபோது தரை ஈரம்தான், சேறு இல்லை.

முதல் பாதியில் விக்டர் வடக்குக் கோலில் நின்றான். பூவரசமரத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஞானதாஸ் கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டார். பல்லாவரத்துக்காரர்கள் இடித்தார்கள், தள்ளினார்கள். கோல் விழவில்லை. அரைமணியில் பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறி விக்டர் தெற்குக் கோலுக்கு வந்தான். வந்ததும் கூண்டைத் திரும்பிப் பார்த்தான். ஞானதாஸ் ஜன்னலில் கை வைத்து ஒன்றும் இல்லை என்று ஆட்டிக் காட்டினார். அவன் கையைத் தட்டிக்கொண்டு குனிந்து நின்றான்.

இரண்டாம் பாதி தொடங்கி பத்து நிமிஷத்தில் செபஸ்தியார் ஒரு கோல் போட்டது. மரத்துக்குப் பின்னால்தான் விழுந்தது. கூட்டம் எழுப்பிய கூச்சலில் கூண்டிலிருந்த புறாக்கள் கிளம்பிப் பறந்தன. ஞானதாஸ் மணிக்கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தார். நல்லவேளை, மணி அசையவில்லை.

அப்புறம் பல்லாவரம் விழுந்து விழுந்து அடித்தது. ஐந்தாறு நிமிஷம் போயிருக்கும். கீழேயிருந்து அல்போன்சாவின் குரல் கேட்டது.

"மாமா! ஞானதாஸ் மாமா! அம்மாவுக்கு இழுக்குது! சாமி வந்து அவஸ்தை எண்ண பூசிகினு கீறாரு. மணி அடிக்கச் சொன்னாரு!"

"அடிக்கிறேம்மா. நீ போ, அக்காகிட்ட இரு," என்றார் ஞானதாஸ்.

அவள் வந்த வேகத்தில் திரும்பி ஓடினாள். கயிறு அவர் கையிலேயே இருந்தது. சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்டம் முடிய இன்னும் பதினாலு நிமிஷம். தெற்குக் கோலில் விக்டர் பந்தைப் பாய்ந்து பிடித்து நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தான். இப்போது மணி அடித்தால் அவன் ஓடிவிடுவான். அந்த மாங்காய் கோலி உள்ளே வருவான். பதினாலு நிமிஷத்தில் மூன்று கோல் விழும்.

இரண்டு நிமிஷம் போகட்டும், பல்லாவரம் கொஞ்சம் ஓயட்டும், அப்புறம் அடிக்கலாம் என்று நினைத்தார். இழுப்பு என்றால் உடனே போய்விடுமா? அவர் மணி அடித்த பிறகு இரண்டு நாள் இருந்தவர்கள் எத்தனை பேர்! பிழைத்து எழுந்தவர்கள்கூட உண்டு. இரண்டு நிமிஷம் போயிற்று. கார்னர் கிக். அது போகட்டும். அதற்கப்புறம் ஃப்ரீ கிக். அதுவும் போகட்டும். கயிற்றைப் பிடித்த உள்ளங்கை வேர்த்து வழிந்தது. அவர் உதடு தானாக அருள் நிறைந்த மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. யாருக்காகச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

கடைசி நிமிஷத்தில் பல்லாவரத்துக்காரன் ஒருவன் பத்தடி தூரத்திலிருந்து உதைத்தான். விக்டர் எங்கிருந்து வந்தானோ, ஒரு கையால் பந்தைக் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டான். விசில் ஊதியது. கூட்டம் உள்ளே புகுந்து விக்டரைத் தோளில் தூக்கியது. தோளில் இருந்தபடியே அவன் திரும்பிக் கூண்டைப் பார்த்தான். சிரித்துக்கொண்டு கையை ஆட்டினான். அம்மா நன்றாக இருக்கிறாள் என்று நினைத்திருப்பான்.

ஞானதாஸ் கையை ஆட்டவில்லை. மணியை அடிக்கக் கயிற்றை இறுக்கிப் பிடித்தார். அப்போது அல்போன்சா தலைவிரிகோலமாகக் கோயில் முற்றத்துக்குள் ஓடி வந்தாள்.

"மணி ஏன் மாமா அடிக்கல? அம்மா போய்டுச்சி மாமா!"

"கயிறு..." என்றது ஞானதாஸின் வாய். "கயிறு அறுந்து போச்சும்மா."

அதை அவர் யோசித்துச் சொல்லவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. அல்போன்சா அண்ணனைத் தேடி மைதானத்துக்கு ஓடினாள். ஞானதாஸ் அறுந்து போகாத கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏணியில் மேலே ஏறினார். இடுப்புக் கத்தியை எடுத்து, மணிச் சக்கரத்துக்குக் கீழே ஒரு முழம் விட்டு, கயிற்றை அறுத்தார். மெழுகுதிரி நறுக்குகிற கத்தி. நன்றாகத் தீட்டி வைத்திருந்தார். கயிறு இரண்டு தட்டுக்கும் கீழே விழுந்தது. மணியின் நாக்கைக் கையால் பிடித்துச் சாவு மணி அடித்தார். பெண்ணுக்கு இரண்டு இரண்டாக, விட்டு விட்டு. உள்ளங்கைத் தோல் உரிந்தது. அது வலித்ததில் அவருக்கு ஒரு சின்ன ஆறுதல்கூட இருந்தது.

துக்க வீட்டுக்குள் அவரால் போக முடியவில்லை. போகாமலும் இருக்க முடியவில்லை. வாசலில் நின்றவரைச் சாமியாரே கைப்பிடித்து அழைத்துப் போனார்.

"கயிறு அறுந்ததும் இந்த வயசில் ஏணி ஏறிக் கையால் மணி அடித்திருக்கிறார்," என்றார் சாமியார் கூடியிருந்தவர்களிடம். "சர்வேசுரன் இவருக்குப் பலன் கொடுப்பார்."

அல்போன்சா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னாள்: "மணி அடிச்சாச்சா, மணி அடிச்சாச்சான்னு கேட்டுகினே இருந்துச்சி மாமா. அடிக்கலியே, அப்ப அவன் எப்டி வருவான்னு கேட்டுச்சி. கடைசியா நான்தான் சேசு மரி சூசை சொன்னேன். என் வாயவே பாத்துச்சி. அப்புறம் வாசப்படிய பாத்துச்சி."

விக்டர் ஆட்டத்தில் கட்டிய பட்டையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். முழங்காலில் மண் காய்ந்திருந்தது. அவன் எழுந்து வந்து ஞானதாஸின் கையைப் பிடித்தான். உரிந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

"கையெல்லாம் கிழிஞ்சி கீதே மாமா," என்றான். குனிந்து தன் கணுக்காலில் சுற்றியிருந்த துணிப்பட்டையை அவிழ்த்து, மண் படாத பக்கமாகப் பார்த்து, அந்தக் கையில் சுற்றிக் கட்டினான். "உன் மேல தப்பு இல்ல மாமா. கயிறுதானே. நீ இன்னா பண்ணுவ?"

பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று ஞானதாஸுக்கு இருந்தது. அழுதார். ஊர் அந்த அழுகையையும் அவர் நல்ல மனசுக்குக் கணக்கு வைத்தது.

மறுநாள் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஃப்ளோரன்ஸ் சொன்னாள்: "போன ஈஸ்டருக்குத்தானே அந்தக் கயித்த மாத்துன? அஞ்சு மாசத்துல அறுந்துடுமா?"

"மழைல இத்துப் போச்சி."

"கூண்டுக்குள்ள ஏது மழ?"

"சும்மா கெட!" என்று கத்தினார் ஞானதாஸ். முப்பது வருஷத்தில் அவர் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் இடுப்பிலிருந்த கத்தியைப் பார்த்தாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை முழுக்க காதர் அவரிடம் டீக்குக் காசு வாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஓட்டேரியின் பாக்கி ஆட்டம் நடந்தது. முதலிடத்து டீம் ஏற்கெனவே கோப்பை கிடைத்த மிதப்பில் பாதிப் பேரைப் புதுசாக இறக்கியிருந்தது. ஓட்டேரி இரண்டு கோல் போட்டு ஜெயித்தது. காதர் ஈரத்துணியால் சுவரைத் துடைத்தார்.

"போச்சி நைனா. ஒரு பாயிண்ட்ல மறுபடி கீழ. மூணாவது டிவிசன்தான்," என்றார். "விக்டரு அம்மா சாவறப்போகூட பாக்காம புடிச்சானே, அந்தப் பந்தெல்லாம் வீணாப் போச்சே."

ஞானதாஸ் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். சீசன் பூராவும் ஒவ்வொரு தோல்விக்கும் ராத்திரி தூக்கம் கெட்டவர் அவர். இந்தத் தோல்வி அவருக்கு உறைக்கவே இல்லை. டீம் இறங்கினால் என்ன, கடலில் போனால் என்ன என்று இருந்தது. அந்தப் பதினாலு நிமிஷத்தை யாராவது திரும்பக் கொடுத்தால் பத்தாவது டிவிஷனுக்கும் சம்மதிப்பார்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டும் பார்த்தார். கோபப்பட்டேன், மனைவியை வைதேன், பூசையில் பராக்காக இருந்தேன் என்று சில்லறைப் பாவங்களாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "வேறே?" என்றார் தட்டிக்குப் பின்னால் சாமியார். "அவ்வளவுதான் சாமி," என்றார். சாமியார் பத்து மந்திரம் அபராதம் கொடுத்தார். ஞானதாஸ் பத்தை நூறாகச் சொன்னார். எத்தனை சொல்லியும் நெஞ்சில் ஒரு குன்றிமணி எடை குறையவில்லை.

ஒரு வாரமாகத் தினமும் ஏணி ஏறி நாக்கைக் கையால் பிடித்தே மூன்று வேளையும் மணி அடித்தார். விழுந்த கயிற்றைச் சுருட்டி நடுத்தட்டு மூலையில் போட்டிருந்தார். அதை எரித்துவிட வேண்டும் என்று தினமும் நினைத்தார். அதைத் தொடவே அவருக்குக் கூசியது.

ஏழாம் நாள் பூசை முடிந்தபின் மத்தியானம் பதினொன்றரை மணிக்கு விக்டர் வந்தான். தோளில் புதுக் கயிறு ஒரு சுருள். விரல் தடிமன், மஞ்சள் நிறம், தார் வாசம் அடித்தது.

"ஹார்பர்ல எங்க மேஸ்திரிகிட்ட கேட்டு வாங்கியாந்தேன் மாமா. அம்மா பேருக்கு கோயிலுக்குக் கொடுக்கறேன்னு சாமிகிட்ட சொல்லிட்டேன். எனக்கு ஆனது வேற யாருக்கும் ஆகக்கூடாது. இது அறுந்து போவாது. கப்பலே தொங்கும்."

"நான் கட்டிக்கறேன், நீ போப்பா," என்றார் ஞானதாஸ்.

"நீ கட்டுனா அவுந்துடும். அதுக்கு ஒரு முடிச்சு கீது," என்று சொல்லிவிட்டு அவன் படி ஏறினான். அவர் பின்னால் ஏறினார்.

விக்டர் ஏணியில் ஏறிச் சக்கரத்தில் தொங்கிக்கொண்டிருந்த பழைய துண்டைக் கையில் பிடித்தான். அவிழ்க்கப் போனவன் நின்றான். அதன் முனையைக் கட்டைவிரலால் தடவினான். ஒருமுறை, இன்னொருமுறை. கயிறு இற்று அறுந்தால் அதன் புரி ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளத்தில் பிய்ந்து பஞ்சாக நிற்கும். இதில் எல்லாப் புரியும் ஒரே மட்டமாக இருந்தது. அது துறைமுகத்தில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரியும். இருபத்தாறு வருஷம் கயிற்றை இழுத்தே பிழைத்த ஞானதாஸுக்கு அது தோன்றாமல் போனது.

பழைய துண்டை அவிழ்த்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். புதுக் கயிற்றைச் சக்கரத்தில் சுற்றி முடிச்சுப் போட்டான். வேலை செய்கிறவன் அவசரப்படாமல் செய்கிற மாதிரி நிதானமாக, இரண்டுதரம் இழுத்துப் பார்த்து, இறக்கினான். பிறகு ஏணியிலிருந்து இறங்கி ஜன்னலுக்குப் போய் நின்றான். வெயிலில் மைதானம் காலியாகக் கிடந்தது.

"இங்கேந்து என் கோல் நல்லா தெரியுது," என்றான்.

ஞானதாஸ் சுவரில் சாய்ந்து நின்றார். எப்படியாவது பேசிவிட வேண்டும், காலில் விழுந்துவிட வேண்டும் என்று இருந்தது.

"அல்போன்சா வந்து சொன்னப்போ இன்னும் எத்தினி நிமிசம் இருந்திச்சி?" என்று கேட்டான் விக்டர். ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

பொய் சொல்ல இப்போதும் இடம் இருந்தது. ஆனால் ஒரு வாரமாக வேறு எந்த எண்ணும் இல்லாமல் அந்த எண்ணோடேயே படுத்து எழுந்தவர் அவர்.

"பதினாலு," என்றார்.

விக்டர் தலையை ஆட்டினான். "மூணு நிமிசத்துல ஓடிருப்பேன்," என்றான். "பதினோரு நிமிசம் அம்மாகூட இருந்திருப்பேன்."

ஞானதாஸ் கீழே உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். கையில் அவன் கட்டிவிட்ட பட்டை இன்னும் இருந்தது. அடிப்பான் என்று எதிர்பார்த்தார். கீழே போய்ச் சாமியாரிடம் சொல்வான், கூட்டத்தைக் கூட்டுவான் என்று எதிர்பார்த்தார். அதில் ஏதாவது ஒன்று நடக்கக்கூடாதா என்று ஏங்கினார்.

விக்டர் கடிகாரத்தைப் பார்த்தான்.

"பன்னண்டு ஆச்சி," என்றான். "எழுந்து மணி அடி."

மாமா என்று சொல்லவில்லை. படியில் அவன் இறங்குகிற சத்தம் கீழ்த்தட்டு வரைக்கும் கேட்டது. முற்றத்தைத் தாண்டி வீட்டுப் பக்கமாகப் போனான். திரும்பிக் கூண்டைப் பார்க்கவில்லை.

ஞானதாஸ் எழுந்து கயிற்றைப் பிடித்து இழுத்தார். சந்தில் பெண்கள் அடுப்பை விட்டு நிமிர்ந்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். காதரின் கடையில் யாரோ கைக்கடிகாரத்தைச் சரி செய்தார்கள். நல்ல கயிறு அது. இழுத்த மாத்திரத்தில், ஒரு விநாடி தாமதம் இல்லாமல், மணி அடித்தது.